பழைய கார்புரேட்டர் காரை கேஸுக்கு மாற்றுவது எப்படி (ரெடியூசரில் பனி பிடித்த கதையோடு)

கேஸ் கிட் மாட்டி மூன்றாம் நாள். நல்ல வெயில். ஓடிக்கொண்டிருந்த வண்டி இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கிப் பார்த்தால், டேங்கிலிருந்து வரும் திரவ கேஸை ஆவியாக்கி எஞ்சினுக்கு அனுப்பும் ரெடியூசர் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே எஞ்சின் அனலாய்க் கொதிக்கிறது, ஒரு முழம் தள்ளி இது உறைந்து கிடக்கிறது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உங்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 6. 1622 சி.சி., நான்கு சிலிண்டர், ஒரே ஒரு எஸ்.யு. கார்புரேட்டர். கார்புரேட்டர் உள்ள வேறு பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் முறை கிட்டத்தட்ட இதுதான். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கிட் வேறு, வேலையும் வேறு. அதற்கு இந்தப் பதிவு உதவாது.

கேஸ் என்று நான் சொல்வதெல்லாம் எல்பிஜி. சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில் அடைக்க வேண்டும். அதைத் தாங்கும் சிலிண்டர் கனம், டிக்கியில் பாதி போய்விடும், ஏற்கெனவே தொங்கிப்போன பின் ஸ்பிரிங் இன்னும் தொங்கும். எல்பிஜி டேங்கில் 20 டிகிரி வெப்பத்தில் அதிகபட்சம் 8 பார் சுற்றித்தான் இருக்கும். பழைய வண்டிக்கு என் ஓட்டு எல்பிஜிக்கே.

முதலில் கணக்கு

ஒரு லிட்டர் எல்பிஜியில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் லிட்டர் கணக்கில் 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். பெட்ரோலில் 10 கிலோமீட்டர் கொடுத்த வண்டி கேஸில் 8 கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் ஊரில் கேஸ் விலை பெட்ரோல் விலையில் முக்கால் பங்கை நெருங்கினால் இந்தப் பதிவை இத்தோடு மூடிவிடலாம். பாதி விலை என்றால் மேலே படியுங்கள். அப்போதும் கிட் செலவை ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமாகும் காசால் வகுத்துப் பாருங்கள். மாதம் இருமுறை துடைத்து வெளியே எடுக்கிற வண்டிக்கு அந்தக் காசு திரும்பவே திரும்பாது.

வண்டி வாங்கும்போது

துரு பார்ப்பது, சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி வைத்து மறைத்த இடத்தில் அது ஒட்டாது. கதவுக்குக் கீழே உள்ள சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் தரை மூன்றையும் விட்டுவிடாதீர்கள். டிக்கியின் தரைதான் நாளை கேஸ் டேங்கைச் சுமக்கப் போகிறது.

கேஸுக்கு மாற்றப் போகிறவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் எதற்கு என்று விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஹீட்டரில் சூடு வரவில்லை என்றால் அந்த வண்டியில் வெந்நீர் ஒழுங்காகச் சுற்றவில்லை. வெந்நீர் சுற்றாத வண்டியில் கேஸ் ஓடாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

எரிபொருள் மாற்றத்தைப் பதிவு ஆவணத்தில் ஏற்ற முடியுமா, காப்பீடு ஒத்துக்கொள்ளுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வால்வு சீட்டிங்: இதைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள்

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரியும்போது அது எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் விளிம்பான சீட்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்யாமல் காத்தது. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது. என் எஞ்சின் மாதிரி பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் சீட்டை ஹெட் இரும்பிலேயே கடைந்திருப்பார்கள், தனி வளையம் கிடையாது. ஈயம் இல்லாத எரிபொருளில் அந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டு வால்வு உள்ளே இறங்கும். எல்பிஜியிலும் ஈயம் இல்லை. போதாக்குறைக்கு ஈரம் துளியும் இல்லாமல் உலர்வாகவே உள்ளே போகிறது.

நிரந்தரத் தீர்வு ஹெட்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் போடுவது. நான் முதலில் போடவில்லை, கையில் காசு இல்லை. அதற்குப் பதில் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒரு நோட்டும். வால்வு உள்ளே இறங்க இறங்க டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) குறையும். என் வண்டிக்கு 0.38 மி.மீ. வைக்க வேண்டும். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எட்டு வால்வையும் அளந்து எழுதுகிறேன்.

இக்னிஷனைச் சரிசெய்த பிறகே கேஸ்

பெட்ரோலில் தட்டுத்தடுமாறி ஓடும் பழைய பிளக் வயர் கேஸில் கைவிட்டுவிடும். கேஸ் கலவையைப் பற்றவைக்க அதிக வோல்ட் வேண்டும். பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார் எல்லாம் புதிது போடுங்கள். என் பிளக்கின் இடைவெளியை 0.64 மி.மீ.யிலிருந்து 0.5க்குக் குறைத்தேன்.

இதில் சோம்பினால் என்ன ஆகும்? கேஸைக் காற்றோடு சேர்க்கும் மிக்சரில் தொடங்கி வால்வு வரை வழி முழுக்கக் கேஸும் காற்றும் கலந்து நிற்கிறது. ஒரு பொறி தப்பி, அடுத்தது தவறான நேரத்தில் உள்ளே பற்றினால் இன்டேக் முழுக்க வெடிக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடி பறந்துபோய் பானட்டில் அடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

டேங்க், பைப் வேலை

இதை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். டேங்கில் ஈ.சி.இ. ஆர்67 (எல்பிஜி வண்டிப் பாகங்களுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) முத்திரை இருக்க வேண்டும். 80 சதவீதம் நிரம்பியதும் தானாக அடைக்கும் வால்வு வேண்டும். திரவம் சூட்டில் விரிய மீதி இடம் தேவை. வால்வு மேல் காற்றுப் புகாத மூடி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் குழாய். பைப் சைலென்சர் பக்கம் போகக் கூடாது, தகரத்தைத் துளைத்து வரும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். கடைசியில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் வாசனை வந்தால் வண்டியைக் குழி மேல் நிறுத்தி அடியில் இறங்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

ரெடியூசரும் வெந்நீரும்

டேங்கிலிருந்து வருவது திரவம். ரெடியூசரில்தான் அது ஆவியாகிறது. ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டருக்கு மேல் ஆவியாக விரிகிறது. ஆவியாகும் பொருள் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சும். எல்பிஜியில் உள்ள புரோப்பேன் கொதிப்பதே மைனஸ் 42 டிகிரியில். எனவே ரெடியூசருக்குள் எஞ்சின் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்நீர் நின்றால் பனி. பனி பிடித்தால் உள்ளே ரப்பர் விறைத்து, ஆவியாகாத திரவமே மிக்சருக்குப் போகும், எஞ்சின் மூச்சுமுட்டி நிற்கும்.

நான் செய்த முதல் தவறு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று எஞ்சின் அறையின் பின்சுவரான ஃபயர்வாலின் உச்சியில் ரெடியூசரை மாட்டியது. ரேடியேட்டர் மூடியைவிட அது உயரம். தண்ணீரில் உள்ள காற்றெல்லாம் உயரமான இடத்துக்குத்தானே போகும்? ரெடியூசருக்குள் காற்று தேங்கி ஏர் லாக். சரி என்று ஒரு சாண் கீழே இறக்கினேன். பனி குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் எஞ்சின் ஓடும்போது ரெடியூசரின் இரண்டு ஹோஸையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தேன். உள்ளே போவது வெதுவெதுப்பு. வெளியே வருவது சில்லென்று. தண்ணீர் நகரவே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஹோஸைப் பிடித்தபடியே பின்னால் போனால் ஹீட்டர் டேப்பில் போய் நின்றது. அந்த டேப் ஹெட்டிலேயே இருக்கிறது, ரெடியூசருக்குக் கிளை பிரிக்க நான் T வடிவ இணைப்பைப் போட்டதோ அதற்கு அப்பால். வெயில் காலம், ஹீட்டரை மூடி வைத்திருக்கிறேன். ஹீட்டரை மூடினால் ரெடியூசருக்கும் தண்ணீர் மூடிக்கொள்கிறது! டேப்பைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் பனி கரைந்து சொட்டியது.

இப்போது அந்த டேப்பை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் கிளையில் மட்டும் தனியாக ஒரு வால்வு போட்டிருக்கிறேன். ரெடியூசருக்குத் தடையே இல்லை.

ஹோஸ் வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஹோஸ்களைப் பிசைந்துகொடுங்கள். குமிழி நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாகிறது என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். என் வண்டியிலும் இல்லை. 82 டிகிரியில் திறப்பது ஒன்று வாங்கிப் போட்டேன்.

சுவிட்சும் மிதவைக் கிண்ணமும்

மூன்று நிலை உள்ள சுவிட்சை வாங்குங்கள்: பெட்ரோல், நடுவில் எதுவும் இல்லை, கேஸ். இரண்டு நிலை சுவிட்ச் கார்புரேட்டருக்குச் சரிப்படாது. பெட்ரோலை அடைத்தாலும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மீதி இருக்கும். அதோடு கேஸும் சேர்ந்தால் கலவை கெட்டியாகி எஞ்சின் மூழ்கிவிடும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் நடுவுக்குத் தள்ளி, எஞ்சின் லேசாகத் தடுமாறும் அந்த நொடியில் கேஸுக்குத் தள்ளுங்கள். காதுக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

ட்யூனிங்

ரெடியூசரிலிருந்து மிக்சருக்குப் போகும் ஹோஸில் உள்ள ஸ்குரூவை காது வைத்துத் திருகுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு வேக்யூம் கேஜும் டைமிங் லைட்டும் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து உங்கள் ஸ்பேனர் செட்டைவிட அதிகம் உழைக்கும். ஐட்லிங் முதலில், ஸ்குரூ அப்புறம். பொறி விழும் நேரமான தொடக்க டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளினேன். கேஸின் ஆக்டேன் 100-க்கு மேல் என்பதால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) பயம் குறைவு. ஆனால் அதே டைமிங்கில் பெட்ரோலிலும் ஓட்டிப் பாருங்கள். பிக்கப் கொஞ்சம் குறையும். கேஸ் காற்றின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதற்கு மருந்து இல்லை.

பின்சேர்க்கை 1: சுவிட்ச் போட்டதும் ஃப்யூஸ் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வண்டி பாசிடிவ் எர்த். 1960-களின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிடிவ்தான் பாடியில் இருக்கும். இன்றைய கேஸ் சுவிட்சுகளோ நெகடிவ் எர்த்துக்காகச் செய்தவை. என் வண்டியை முந்தைய உரிமையாளரே மாற்றியிருந்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை. பேட்டரியைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, டைனமோவின் துருவத்தையும் மாற்ற வேண்டும், காயில் வயர்களை இடம் மாற்ற வேண்டும். ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: கேஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டிய இன்னொருவருக்கு பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகவில்லை. கிண்ணம் காய்ந்து பிசின் படிந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஐந்து நிமிடம் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பலர் கேட்டதால். முதல் மூன்று சோதனையில் எட்டு வால்வும் அசையவில்லை. நான்காவதில் நாலாம் நம்பர் எக்ஸாஸ்ட் 0.38-லிருந்து 0.33. திரும்ப 0.38 வைத்தேன். அடுத்த 1500-ல் 0.30. மற்ற ஏழும் அப்படியே இருக்கின்றன. ஹெட் காஸ்கெட் வாங்கி வைத்துவிட்டேன், கழற்ற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.