பெயர் தெரியும், முகம் தெரியாது

ஒன்லைனில் டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. சூம் வகுப்பில் கமராவை மூடிவைத்தபடியே மூன்று வருடம் ஓடிவிடும். கூடப் படித்தவர் தெஹிவளையா பதுளையா என்றே தெரியாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். போயா தினம், அதாவது பௌர்ணமி நாள்தான் தோது. இலங்கை முழுக்க விடுமுறை என்பதால் வேலை செய்துகொண்டே படிப்பவர்களில் பலரும் வரலாம்.

"சும்மா சந்திப்போம்" என்றால் ஆட்கள் வரமாட்டார்கள். கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். நாங்கள் கொழும்புக் கடற்கரையோரம் காலிமுகத்திடலில் பட்டம் விட்டோம். ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறக்காத தங்கச்சி ஒருத்தி, நூல்கட்டை கைக்கு வந்ததும் "விடுங்கோ, விடுங்கோ, காத்து வருது!" என்று கத்தினாள். பிறகு இஸ்ஸோ (இறால்) வடையைக் கடித்தபடி அசைன்மென்ட் பேச்சு தானாக வந்தது.

மட்டக்களப்பு, ஹட்டன் பிள்ளைகளைக் கொழும்புக்கு இழுக்க வேண்டாம், பஸ் காசே கட்டாது. வாட்ஸ்அப் குறூப்பில் வினாடி வினா நடத்தும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். வெறும் பார்வையாளராக விட்டால் இரண்டாம் மாதமே கழன்றுவிடுவார்கள். இரவு எட்டரைக்கு வைத்தால், வேலை முடிந்து வீடு வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.