பூம்பாறை ஹோம்ஸ்டே சைட்டுக்கு சிடிஎன் போடலாம் வாங்க: டெராஃபார்ம்ல ஆரம்பத்துல இருந்து

கொடைக்கானல்ல, அதுக்கு மேல பூம்பாறை மன்னவனூர் பக்கம் ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க இப்ப சொந்தமா சைட் போட ஆரம்பிச்சிட்டாங்க. நல்ல விஷயந்தான். ஆனா எதை திறந்தாலும் மொத பக்கத்துலயே மொபைல்ல எடுத்த போட்டோ வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் நாலு எம்பி அஞ்சு எம்பி, சென்னையில இருந்து ஒருத்தர் ரூம் பாக்கலாம்னு திறந்தா அந்த மூடுபனி படம் முழுசா வர்றதுக்குள்ள அவரு மூணாறுல புக் பண்ணிட்டு போயிடுவாரு.

இதுக்கு ரெண்டு வேலை. முதல்ல படத்தை சுருக்குங்க, வெப்பி ஃபார்மட்ல மாத்துங்க, அதை செய்யாம சிடிஎன் மட்டும் போட்டா பெருசா பிரயோஜனம் இல்ல. ரெண்டாவதுதான் சிடிஎன். பூண்டு வேணும்னா எல்லாரும் பூம்பாறைக்கு வண்டி ஏறி வர்றதில்ல, வடுகபட்டி சந்தையிலயே வாங்கிட்டு போயிடுறாங்க இல்லையா, அந்த மாதிரி உங்க ஃபைலோட காப்பியை பாக்கறவங்களுக்கு பக்கத்து ஊர்லயே வெச்சு குடுக்கறதுதான் இது. நாம இங்க எடுத்துக்கப் போறது அமேசானோட க்ளவுட்ஃப்ரண்ட். சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை, டெல்லின்னு நம்ம ஊர்லயே அதுக்கு எட்ஜ், அதாவது காப்பி வெச்சு குடுக்கற சர்வர், இருக்கு. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், மன்னவனூர்ல டவர் கிடைக்கலைன்னா அதுக்கு சிடிஎன் ஒண்ணும் பண்ணாது, இது ரூம் தேடுற ஆளுக்குத்தான், ரூம் குடுக்குற ஆளுக்கு இல்ல.

சரி, அமேசானோட வெப் பக்கத்துல, அதாவது கன்சோல்ல, க்ளிக் பண்ணியே செஞ்சிடலாமே, எதுக்கு கோடுன்னு கேப்பீங்க. க்ளிக் பண்ணது எதுவும் அடுத்த சீசன்ல ஞாபகம் இருக்காது, எந்த பெட்டியில டிக் போட்டோம்னு தேடிட்டு உக்காரணும். ஃபைல்ல எழுதி வெச்சா அதுவே ரெக்கார்டு, பக்கத்து வீட்டு அண்ணன் "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு தம்பி"ன்னா பேரை மட்டும் மாத்தி ஓட்டிடலாம். அப்படி ஃபைல்ல எழுதினதைப் படிச்சு க்ளவுட்ல கட்டிக் குடுக்கற டூல்தான் டெராஃபார்ம். அது 2014ல வந்தது, 2023ல லைசென்ஸை மாத்தினதும் அதுல இருந்து பிரிஞ்சு ஓப்பன்டோஃபுன்னு ஒண்ணு வந்துச்சு, கீழ சொல்றது ரெண்டுலயும் ஓடும்.

ஸ்டெப் 1: தயார் பண்றது

அமேசான் அக்கவுண்ட், ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைன் டூல், டெராஃபார்ம், இந்த மூணும் வேணும். ரூட் அக்கவுண்ட்டோட கீயை எடுத்து வேலை செய்யாதீங்க, தனியா ஒரு யூசர் போட்டுக்கோங்க. பட்ஜெட் அலர்ட் ஒண்ணும் வெச்சிடுங்க, மாசக் கடைசியில தூக்கம் வரும்.

ஒரு ஃபோல்டர் திறந்து மெயின் டாட் டிஎஃப்னு ஃபைல் ஆரம்பிங்க. அதுல ப்ரொவைடர் ப்ளாக், அதாவது எந்த க்ளவுட்ல எந்த ஊர்லன்னு சொல்ற பகுதி, ரெண்டு எழுதணும், ஒண்ணு மும்பைக்கு அதாவது ஏபி-சவுத்-1, இன்னொண்ணு யுஎஸ்-ஈஸ்ட்-1க்கு, அதுக்கு ஒரு ஏலியாஸ் பேரும் குடுக்கணும். இங்கதான் நிறைய பேரு முழிக்கறாங்க. உங்க பக்கெட், அதாவது ஃபைலை எல்லாம் போட்டு வெக்கற இடம், எந்த ஊர்ல இருந்தாலும் க்ளவுட்ஃப்ரண்ட்ல மாட்டுற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் மட்டும் வர்ஜீனியாவுல, அந்த யுஎஸ்-ஈஸ்ட்-1லதான் இருக்கணும், மும்பையில எடுத்தா டிஸ்ட்ரிபியூஷன், அதாவது க்ளவுட்ஃப்ரண்ட்ல உங்க சைட்டுக்குன்னு போடுற அமைப்பு, அதை ஏத்துக்காது.

ஸ்டெப் 2: பக்கெட்

எஸ்3ங்கறது அமேசானோட ஃபைல் கிடங்கு, அதுல பக்கெட் ரிசோர்ஸ் (டெராஃபார்ம் கட்டுற ஒவ்வொண்ணுக்கும் அதுதான் பேரு) ஒண்ணு. பேரு உலகத்துல வேற யாரும் வெக்காததா இருக்கணும், அதனால "ஹோம்ஸ்டே"ன்னு மட்டும் வெச்சா கிடைக்காது. பக்கெட்டை பப்ளிக்கா திறக்க சொல்ற பழைய வீடியோ நிறைய கிடக்கு, அதை பாக்காதீங்க. 2023 ஏப்ரல்ல இருந்து புது பக்கெட் எல்லாம் மூடியேதான் வருது, அப்படியே மூடி இருக்கட்டும்.

மூடி இருக்கற பக்கெட்ல இருந்து க்ளவுட்ஃப்ரண்ட் மட்டும் எடுக்கறதுக்கு ஆரிஜின் ஆக்சஸ் கன்ட்ரோல்னு ஒரு ரிசோர்ஸ் இருக்கு, 2022ல வந்தது. டைப் எஸ்3, சைனிங் எப்பவும், ப்ரோட்டோகால் சிக்வி4, அம்புட்டுதான். அப்புறம் பக்கெட் பாலிசி, க்ளவுட்ஃப்ரண்ட் சர்வீஸுக்கு கெட்-ஆப்ஜெக்ட் மட்டும் அனுமதி, கண்டிஷன்ல உங்க டிஸ்ட்ரிபியூஷனோட ஏஆர்என், அதாவது அமேசான் அதுக்கு குடுக்கற முழு அடையாளப் பேரு. அந்த கண்டிஷனை விட்டுடாதீங்க, விட்டா வேற யாரோட டிஸ்ட்ரிபியூஷன் வழியாவும் உங்க ஃபைலை எடுக்க வழி இருக்கு.

ஸ்டெப் 3: டிஸ்ட்ரிபியூஷன்

முக்கியமான ப்ளாக் இது. நீளமா இருக்கேன்னு பயப்பட வேணாம், பாதி கட்டாயத்துக்கு எழுதற வரிதான்.

ஆரிஜின்ல, அதாவது ஒரிஜினல் ஃபைல் இருக்கற இடத்துல, பக்கெட்டோட ரீஜனல் டொமைன் நேமை குடுங்க, வெப்சைட் எண்ட்பாயின்ட் வேணாம், அது இந்த ஆக்சஸ் கன்ட்ரோலோட ஒத்துப் போகாது. டிஃபால்ட் ரூட் ஆப்ஜெக்ட்ல இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல். இது முதல் பக்கத்துக்கு மட்டுந்தான் வேலை செய்யும், "/ரூம்ஸ்/"னு உள்ள போனா தானா இண்டெக்ஸை தேடாது, அதுக்கு சின்னதா க்ளவுட்ஃப்ரண்ட் ஃபங்ஷன் எழுதணும், இல்லைன்னா ரூம்ஸ் டாட் எச்டிஎம்எல்னு நேரா லிங்க் குடுத்துடுங்க, நாலு பக்க சைட்டுக்கு அது போதும்.

எந்தெந்த நாட்டு எட்ஜை பயன்படுத்தறதுன்னு சொல்ற ப்ரைஸ் க்ளாஸ்ல 100ன்னு போட்டா செலவு கம்மின்னு சொல்வாங்க. அதுல இந்தியா கிடையாது! நம்ம சென்னை கஸ்டமருக்கு ஐரோப்பாவுல இருந்து படம் போகும். 200 போடுங்க.

வியூவர் ப்ரோட்டோகால்ல எச்டிடிபிஎஸ்க்கு ரீடைரக்ட். ஜியோ ரெஸ்ட்ரிக்‌ஷன் ப்ளாக் தேவையில்லைன்னாலும் எழுதியே ஆகணும், "நன்"னு போட்டு விடுங்க. சர்டிஃபிகேட்ல முதல்ல க்ளவுட்ஃப்ரண்ட் டிஃபால்ட்டே இருக்கட்டும். அவங்க குடுக்கற நீளமான அட்ரஸ்ல சைட் ஓடுதான்னு பாத்துட்டு சொந்த டொமைனுக்கு போங்க, ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா எது உடைஞ்சுதுன்னே தெரியாது.

ஸ்டெப் 4: எது எவ்ளோ நேரம் இருக்கணும்

என்னைக் கேட்டா சிடிஎன் வேலைன்னா இதுதான், மத்ததெல்லாம் டாக்குமெண்ட்ல பாத்து எழுதிடலாம். எட்ஜ்ல வெக்கற காப்பிக்குத்தான் கேச்னு பேரு. கேச் பாலிசிக்கு அமேசானே வெச்சிருக்கற கேச்சிங் ஆப்டிமைஸ்டுங்கறதை எடுத்துக்கோங்க, ஃபைல்ல ஒண்ணும் சொல்லாம விட்டா 86400 செகண்ட் அதாவது ஒரு நாள் வெச்சிருக்கும், நீங்க கேச்-கன்ட்ரோல் ஹெட்டர் குடுத்தா அதை கேக்கும்.

இப்ப யோசிங்க. பால்கனியில இருந்து எடுத்த போட்டோ மாறப் போறதில்ல, அதுக்கு 31536000, ஒரு வருஷம். ஆனா ரேட் போட்ட பக்கம்? மே மாசம் மலர்க் கண்காட்சி சமயத்துல ஒரு ரேட், ஜூலை மழையில வேற ரேட். "எப்படி வர்றது" பக்கமும் அப்படித்தான், 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துச்சு, அந்த மாதிரி ஒண்ணு மாறும்போது பழைய பக்கத்தை பாத்துட்டு ஒரு குடும்பமே செக்போஸ்ட்ல வந்து நிக்கக் கூடாது. எச்டிஎம்எல்லுக்கு எல்லாம் 300 செகண்ட் வெச்சா போதும்.

போட்டோவை மாத்தணும்னா அதே பேர்ல ஏத்தாதீங்க, பால்கனி-2ன்னு புதுப் பேர்ல ஏத்தி பக்கத்துல லிங்க்கை மாத்துங்க. கேச்சை அழிக்க இன்வேலிடேஷன் இருக்கு, மாசத்துக்கு முதல் 1000 பாத் (ஃபைலோட முகவரி) இலவசம், ஆனா பாத்தவங்களோட ஃபோன்ல ஏற்கனவே உக்காந்திருக்கற காப்பியை அதால அழிக்க முடியாது.

ஃபைல்களை டெராஃபார்ம் வழியா ஏத்தணும்னு இல்ல. எஸ்3 சிங்க் கமாண்டை ரெண்டு தடவை ஓட்டுங்க, படத்துக்கு ஒரு ஹெட்டர், எச்டிஎம்எல்லுக்கு ஒரு ஹெட்டர்.

ஸ்டெப் 5: ஓட்டறது

டெராஃபார்ம் இனிட், அப்புறம் ப்ளான். ப்ளான்ல வர்றதை படிக்காம அப்ளை அடிக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம். கூட்டல் குறி இருந்தா புதுசா வருது, அலைக்குறி இருந்தா மாறுது, கழித்தலும் கூட்டலும் சேந்து வந்தா இருக்கறதை அழிச்சிட்டு திரும்ப கட்டப் போகுதுன்னு அர்த்தம். பக்கெட் பேர்ல ஒரு எழுத்து மாத்தினாக்கூட இது வரும், கையை எடுத்துட்டு யோசிங்க. எல்லாம் சரின்னா அப்ளை, டிஸ்ட்ரிபியூஷன் எழுந்து வர சில நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க.

கூடவே ஒரு ஸ்டேட் ஃபைல் உருவாகும். அதை கிட்ஹப்ல ஏத்தாதீங்க, தொலைக்கவும் தொலைக்காதீங்க, எதை எதை கட்டினோம்ங்கற கணக்கு டெராஃபார்முக்கு அதுலதான் இருக்கு. ப்ரொவைடர் வெர்ஷனை குறிச்சு வெக்கற லாக் ஃபைலை ஏத்தலாம்.

ஸ்டெப் 6: வேலை செய்யுதா?

கர்ல் கமாண்ட்ல ஹெட்டரை மட்டும் கேட்டு ஒரு போட்டோவை தட்டுங்க. எக்ஸ்-கேச்னு ஒரு வரி, முதல் தடவை மிஸ் (எட்ஜ்ல காப்பி இல்ல), மறுபடி தட்டினா பொதுவா ஹிட் (காப்பி இருக்கு)ன்னு வரும். அதுக்கு கீழ எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப்னு இன்னொரு வரியில விமான நிலையக் கோடு இருக்கும், எம்ஏஏன்னா சென்னை, பிஎல்ஆர்னா பெங்களூர். உங்க நெட் கம்பெனி எந்த வழியா அனுப்புதோ அதைப் பொறுத்து மாறும், கொடைக்கானல்ல உக்காந்திருக்கறவருக்கு மும்பை வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க.

403 வந்தா உடனே பாலிசியை நோண்டாதீங்க. பக்கெட்டை லிஸ்ட் பண்ற அனுமதி நாம குடுக்கலை, அதனால இல்லாத ஃபைலைக் கேட்டாலும் 404க்கு பதிலா 403தான் வரும். முதல்ல ஃபைல் பேர்ல எழுத்துப்பிழை இருக்கா, ஜேபிஜி பெரிய எழுத்துல இருக்கான்னு பாருங்க.

சும்மா பழகிப் பாத்தீங்கன்னா கடைசியில டெஸ்ட்ராய் ஓட்டிடுங்க. பக்கெட்ல ஃபைல் இருந்தா அழிக்க மாட்டேன்னு நிக்கும், முதல்ல காலி பண்ணிட்டு ஓட்டுங்க. டிஸ்ட்ரிபியூஷனை நிறுத்திட்டுத்தான் அழிக்கும், அதனால அதுக்கும் சில நிமிஷம் ஆகும், நடுவுல கன்ட்ரோல் சி அடிக்காம விடுங்க.