டிராகனுக்கு முதலில் வயிற்றை வரையுங்கள்

கதைக்காக ஒரு டிராகனைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் நெருப்பிலிருந்தும் சிறகிலிருந்தும் தொடங்குகிறார்கள். அது நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்ற கேள்வி கடைசிவரை எழுவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். உடல் எடையை முதலில் முடிவு செய்தால் தீனியின் அளவு கிடைக்கும். தீனியின் அளவு தெரிந்துவிட்டால், அதற்கு எவ்வளவு நிலம் வேண்டும், மனிதரோடு அதற்கு என்ன பகை, நெருப்பை எத்தனை முறை உமிழ முடியும் என்பவையெல்லாம் அதிலிருந்தே பிறக்கும். இங்கே எடுத்துக்கொள்வது ஐரோப்பியக் கதைகளில் வரும் சிறகுள்ள டிராகனை மட்டுமே. சிறகில்லாமலே மேகத்தில் நீந்தி மழை தரும் சீன டிராகனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எடைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்புகள் கிடைத்த கெட்சால்கோவாட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனமே இதுவரை பறந்த உயிர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் சிறகு விரிப்பு 10 முதல் 11 மீட்டர் என்றும், எடை 200 முதல் 250 கிலோ என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஒரு விலங்கின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்கும் உடலின் எடை எட்டு மடங்கும் ஆவதால், யானை அளவு டிராகன் தரையை விட்டு எழவே எழாது. ஆகவே 250 கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பறவைகளுக்கு உள்ளது போல நுரையீரலோடு காற்றுப்பைகளையும், உள்ளீடற்ற எலும்புகளையும் கொடுங்கள். கால்கள் இரண்டு போதும்; பறவை, வௌவால், பறக்கும் ஊர்வனம் ஆகிய மூன்றிலும் முன்னங்கால்தான் சிறகாக மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறக்கும் ஓணான் நான்கு கால்களையும் வைத்துக்கொண்டு விலா எலும்புகளின் மேல் தோலை விரிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது மரத்துக்கு மரம் சறுக்குகிறதே தவிர, சிறகடித்து மேலே ஏறுவதில்லை.

இனி தீனி. விலங்குகள் ஓய்வில் செலவிடும் ஆற்றல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கைவிடக் குறைவாகவே கூடும் என்று 1932-இல் உயிரியலாளர் மாக்ஸ் கிளைபர் காட்டினார். பாலூட்டிகளுக்கான அந்தக் கணக்கின்படி, 250 கிலோ எடையுள்ள வெப்ப இரத்த விலங்குக்கு ஓய்வில் ஏறத்தாழ 4,400 கிலோகலோரி வேண்டும். வேட்டையும் பறத்தலும் சேர்ந்தால் 11,000 என்று வைத்துக்கொள்ளலாம். அது நாளொன்றுக்கு ஏழெட்டு கிலோ இறைச்சி. எலும்போடு தின்றால் ஓர் ஆட்டில் 20 கிலோ தேறும் என்று கொண்டாலும், ஆண்டுக்குச் சுமார் 140 ஆடுகள். ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான்களைக் கொல்லும், அதற்கு அக்காட்டில் 500 மான்கள் இருக்க வேண்டும் என்பது புலி ஆய்வாளர்கள் சொல்லும் விகிதம். அதே விகிதத்தில் உங்கள் டிராகனுக்கு 1,400 தலை கொண்ட மந்தை தேவை. ஒரு மலைக்கு ஒரு டிராகன் என்று பழங்கதைகள் சொன்னது, அறியாமலே சொன்ன சரியான கணக்கு.

குளிர் இரத்தம் என்று முடிவு செய்தால் தீனி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் என்ற ராட்சதப் பல்லி ஒரே வேளையில் தன் எடையில் 80 விழுக்காடு வரை விழுங்கக்கூடியது, பிறகு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். ஆனால் அத்தகைய டிராகன் வெயில் ஏறும்வரை பறக்காது. பனிமலைக் குகையும் நள்ளிரவுத் தாக்குதலும் அதற்கு இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இறுதிவரை அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

நெருப்புக்கு எல்லோரும் கைகாட்டுவது மீத்தேன் வாயு. மாட்டின் வயிற்றில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் உருவாவது உண்மை; ஆனால் அது புல்லை நொதிக்கவைக்கும் வயிற்றின் வேலை. ஆட்டைத் தின்னும் டிராகனுக்கு அந்த வாயு கிடைக்காது. அதை நம்பினால் உங்கள் டிராகன் நாள் முழுதும் அசைபோட வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த வழி ஃபுல்மார் என்ற கடற்பறவையிடம் இருக்கிறது. அது இரையிலிருந்து பிரித்த எண்ணெயை வயிற்றில் தேக்கிவைத்து, எதிரி நெருங்கினால் அதன்மேல் பீய்ச்சுகிறது. ஸ்காட்லாந்தின் செயிண்ட் கில்டா தீவு மக்கள் அந்த எண்ணெயில் விளக்கெரித்தார்கள். டிராகனுக்கும் அப்படி ஓர் எண்ணெய்ப்பையைக் கொடுங்கள். பற்றவைக்கும் பொறிக்குத் தென் அமெரிக்காவின் மின்விலாங்கை நினைத்துக்கொள்ளலாம், அதன் ஓர் இனம் 860 வோல்ட் வரை பாய்ச்சும். எண்ணெய் கிராமுக்குச் சுமார் 9 கிலோகலோரி என்பதால், ஒரு லிட்டர் நெருப்பு என்பது ஐந்து கிலோ இறைச்சிக்கு மேல் வாயால் இழப்பதாகும். எனவே அது அற்பக் காரணத்துக்கு உமிழாது. பசித்த டிராகனிடம் நெருப்பே இருக்காது. கதையின் வீரனுக்கு இது வாளைவிடப் பயன்படும் செய்தி.

எலும்பைச் செரிக்க, இமயமலையின் தாடிக் கழுகுக்கு உள்ளது போன்ற கடும் அமிலம் வேண்டும். கொமோடோவின் எச்சம் எலும்புச் சத்தால் வெளுத்திருக்கும். உங்கள் இடையரும் டிராகனைப் பார்க்கும் முன் பாறையில் அந்த வெண்மையைப் பார்க்கட்டும். குஞ்சுகளின் தீனி வேறு. கொமோடோக் குஞ்சுகள் பெரியவற்றுக்கே இரையாகிவிடாமல் மரத்தில் வாழ்ந்து, பூச்சிகளையும் பல்லிகளையும் தின்று வளர்கின்றன. ஆகவே, திருடி வந்த குஞ்சுக்கு ஆட்டுத்தொடை ஊட்டுவதாக எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, வெட்டுக்கிளி பிடிக்க ஆளனுப்புங்கள்.