நாலு லேப்டாப்பும் ஒரு 'ம்ம்ம்' சத்தமும்

போன பொங்கலுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாங்கள் நாலு பேர் லேப்டாப்பிலேயே கச்சேரி வாசித்தோம். சோமனூரில் பதிவு செய்த விசைத்தறிச் சத்தம்தான் தாளம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் லேப்டாப் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியபோது ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு அரைக்கோள ஸ்பீக்கர் வைத்தார்கள். வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் வரும். எங்களுக்கு அந்த வசதி ஏது? நாலு வயரும் ஒரே மிக்ஸருக்குத்தான்.

வினையே அங்குதான். ஒத்திகையில் தறி ஓய்ந்ததும் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சார்ஜர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்று பின் வைத்த இரண்டைக் கழற்றியதும் சத்தத்தைக் காணோம். மைக்செட் அண்ணன் எட்டிப் பார்த்து, "எர்த்து ரெண்டு வழியில சுத்துதுங்க தம்பி" என்றார். மிக்ஸர் ஒரு பிளக்கில், லேப்டாப்புகள் மேடையின் மறுகோடியில் வேறு பிளக்கில். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அந்த வளையம் வழியாகப் பாட்டுக்குள் நுழைந்திருந்தது.

எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்றான் ஒருத்தன். உயிரோடு விளையாட்டா? வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகினோம், பாதி குறைந்தது. மீதிக்கு, டிரான்ஸ்பார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (வயரை நேரடியாக இணைக்காமல் பாட்டை மட்டும் கடத்தும் பெட்டி) இரண்டை அண்ணனிடமே வாங்கி லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் இடையில் போட்டு, பாட்டு வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினேன். அடங்கிவிட்டது.

அப்புறம் தாளம் விலகியது தனிக்கதை. செல்போன் ஹாட்ஸ்பாட்டை விட்டுவிட்டு வீட்டுப் பழைய ரவுட்டரை வைத்ததும், லேப்டாப்புகளின் தாளத்தை நெட்வொர்க் வழியாக ஒன்றாக ஓட்டும் ஏபிள்டன் லிங்க் சேர்ந்துகொண்டது. அதற்கு இன்டர்நெட்கூட வேண்டியதில்லை.