மூச்சுவிடும் விளக்கு: வீட்டு மின்சாரத்தை உடலாகக் காட்டும்போது நேரும் தவறுகள்

“ஹீட்டர் கரண்டைத் தின்னுது” என்று பேசிப் பழகியவர்கள் நாம். அதனால் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கை வைத்து, மின் பயன்பாடு ஏற ஏற அதை, ஒளி கூடிக் குறைவதாக, வேகமாக மூச்சுவிட வைத்தால் பாட்டி முதல் பேரன் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் உருவகத்துக்குத் தவறான உறுப்பை எடுத்தால் விளக்கு பொய் சொல்லும்.

பெரிய தவறு, வாட்டையும் யூனிட்டையும் ஒரே உறுப்பில் காட்டுவது. 3000 வாட் ஹீட்டர் 10 நிமிடம் ஓடினால் அரை யூனிட். சராசரியாக 600 வாட் இழுக்கும் படுக்கையறை ஏர்கான் 8 மணி நேரத்தில் 4.8 யூனிட். மூச்சு மட்டும் இருந்தால் பழி குளியலறை மேல்தான் விழும். மூச்சு இந்த நொடியின் வாட்டுக்கு. சேர்ந்துகொண்டே போகும் யூனிட்டுக்குக் களைப்பு பொருந்தும்: விளக்கின் கழுத்து மெல்லக் குனியட்டும். உங்கள் வீட்டின் கடந்த இரண்டு வாரத்து ஒரு நாள் சராசரியைப் பாதிக் குனிவாக வையுங்கள். கணக்கை நள்ளிரவில் பூஜ்யமாக்கினால் ஏர்கான் இரவு இரண்டாகப் பிளந்துவிடும், நண்பகலில் ஆக்குங்கள். காலையில் எழுந்து வருபவர்கள் தொங்கிய தலையைப் பார்ப்பார்கள்.

பயன்பாட்டை நிறையும் வயிறாகக் காட்டாதீர்கள். நம் வீடுகளில் வயிறு நிறைவது நல்ல சேதி. குழந்தை இன்னும் ஊட்டத்தான் பார்க்கும்.

அடுத்தது அளவுகோல். 50 வாட்டுக்கு நிமிடத்துக்கு 10 மூச்சு, 3200 வாட்டுக்கு 22 என்று நேர்கோட்டில் போட்டால் ஏர்கான் போட்டதும் கூடுவது இரண்டே சொச்சம் மூச்சு. யார் கண்ணிலும் படாது. வாட் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 2 மூச்சு கூட்டுங்கள்: 50க்கு 10, 100க்கு 12, 200க்கு 14. ஃபிரிட்ஜும் ரௌட்டரும் மட்டும் ஓடி 100 வாட்டில் இருக்கும் வீடு, ஏர்கான் சேர்ந்ததும் 12லிருந்து 17, 18க்குத் தாவும். மின்கட்டண நிறுவனமான எஸ்பியின் செயலி தரும் அரைமணிக் கணக்கை மூச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஹீட்டரை அணைத்துத் தலை துவட்டிய பிறகு விளக்குக்கு மூச்சிரைப்பது கேலிக்கூத்து.

காய்ச்சல் உருவகம் குளிர்நாட்டுச் சரக்கு. அங்கே செலவு சூடாக்குவதில், அதனால் சிவப்பு. இங்கே காசைக் கரைப்பது குளிர். ஏர்கான் 18 டிகிரியில் ஓடும்போது சிவந்து வியர்க்கும் விளக்கைப் பார்ப்பவர், வீடு புழுங்குகிறது என்று இன்னும் ஒரு டிகிரி குறைப்பார். நடுக்கம் காட்டுங்கள். ஒளியை நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டவிடாதீர்கள். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டக்கூடும். தண்டு நடுங்கினால் போதும்.

இந்த நொடியின் வாட்டை அறிய, மின்கம்பியைச் சுற்றி மாட்டி அளவெடுக்கும் கவ்வி வேண்டும். அதை லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மாட்டினால் ஒன்றையொன்று அடித்து பூஜ்யம்தான் வரும், விளக்கு செத்தது போலக் கிடக்கும். லைவ் கம்பியில் மட்டும் மாட்ட வேண்டும். அந்தக் கம்பிகள் இருக்கும் டிபி பெட்டியை (மின் பகிர்வுப் பெட்டி) திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. நீங்கள் கை வைக்காதீர்கள்.

மின்சாரம் கூடினால் சாகும் பொம்மைப் பிராணி வேண்டாம். பேரப்பிள்ளை அழுதுகொண்டு ஓடிப்போய் அணைப்பது பாட்டியின் 50 வாட் ஃபேனை. பூட்டிய அறைக்குள் ஏர்கான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு நிற்க வேண்டிய இடம் அந்த அறையின் கதவோரம், ரிமோட் மாட்டிய சுவருக்குப் பக்கத்தில்.