ராட்டினம் சுற்றியதா? வார்சா சாட்சியங்களைப் படிக்கும் முறை

மந்தைவெளியில் எங்கள் வாசக வட்டத்தில் வார்சா கெட்டோ எழுச்சி பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் போலந்துத் தலைநகர் வார்சாவில் யூதர்களைச் சுவருக்குள் அடைத்த பகுதிதான் கெட்டோ; அங்கே நடந்த ஆயுதப் போராட்டம் அது. முதல் வாரக் குறிப்பு முழுக்க வீண். யார் சொன்னது எது என்று பிரிக்காமல் எழுதிவிட்டேன். நீங்கள் நோட்டில் முதலில் மூன்று கட்டம் போடுங்கள்: சொன்னவர் எங்கே நின்றார், எப்போது சொன்னார், கடைசியில்தான் என்ன சொன்னார்.

1943 ஏப்ரல் 19-ல் யூதப் போராளிகள் சுடத் தொடங்கினார்கள். மே 16-ல் ஜெர்மானியர் பெரிய ஜெபக்கூடத்தைத் தகர்த்தார்கள். இந்தத் தேதிகளில் தகராறு இல்லை.

தகராறு ராட்டினத்தில்; திருவிழாக்களில் ஏறிச் சுற்றும் ராட்டினம். கெட்டோ சுவருக்கு வெளியே கிராசின்ஸ்கி சதுக்கத்தில் ஒன்று நின்றது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 25, அதாவது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தபோது. உள்ளே போராடிய மாரெக் எடெல்மன், அது சுற்றியதையும் அங்கிருந்து வந்த பாட்டையும் மறக்கவில்லை. அந்தச் சத்தத்தில் தாங்கள் இருப்பதே வெளியே தெரியாமல் போகுமோ என்று பயந்தாராம். வெளியே இருந்த கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் அதே ஆண்டு கவிதையாக்கினார். பின்னாளில் சில போலந்துக்காரர்கள், அப்போது அது ஓடவேயில்லை என்றார்கள். உடனே யாரையும் பொய்யர் என்று எழுதிவிடாதீர்கள். எந்த நாள், எந்தப் பக்கம் என்று பாருங்கள். 1987-ல் இலக்கிய விமர்சகர் யான் பிவோன்ஸ்கி அந்தக் கவிதையை வைத்து, வேடிக்கை பார்த்தவர்களின் பொறுப்பைக் கேட்டு எழுதியபோது போலந்தில் பெரிய சர்ச்சை. அதற்குப் பின் வந்த நினைவு என்றால் இரண்டாவது கட்டத்தில் அடிக்கோடு போடுங்கள்.

கை பழக, வீட்டிலேயே 2015 வெள்ளத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டூர்புரம் அத்தை மொட்டைமாடியைச் சொல்வார். தண்ணீர் வராத தெருவில் இருந்த மாமா பால் கிடைக்காததைச் சொல்வார். (வார்சாவின் துயரமும் இதுவும் ஒன்றில்லை; இது பயிற்சிக்கு மட்டும்.)

அப்புறம், ஒருவரையே இரண்டு முறை படியுங்கள். எடெல்மன் 1945-ல் எழுதியது வேறு, 1970களில் பத்திரிகையாளர் ஹன்னா கிராலிடம் பேசியது வேறு. எழுச்சியின் தலைவர் மொர்தெகாய் அனிலெவிச் சிறுவனாக, அம்மா விற்ற மீனின் செவுளுக்குச் சிவப்புச் சாயம் பூசியதைப் பின்னதில்தான் சொல்கிறார். பலருக்குக் கோபம். எனக்கோ, சிந்தாதிரிப்பேட்டையில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் அம்மா நினைவுக்கு வந்தார்; அனிலெவிச் சிலையாக இல்லாமல் ஓர் ஆளாகத் தெரிந்ததும் அங்கேதான்.

கெட்டோ வாழ்க்கையை ரகசியமாகப் பதிவுசெய்த, வரலாற்றாசிரியர் ரிங்கல்பலூமின் குழு எழுச்சிக்கு முன்பே புதைத்த காகிதங்களையும் சேருங்கள். அவற்றில் ஒரு பகுதி இருந்த இரண்டு பால் கேன்கள் 1950-ல் கிடைத்தன. அவற்றுக்கு மட்டும் இரண்டாவது கட்டத்தில் ‘அப்போதே’ என்று எழுதினேன்.