கடையில ரிவி பூட்டுறதுக்கு முதல்

லண்டன் ஈஸ்ட்ஹாமில மச்சான் இரண்டாவது கடை திறந்த கையோட சுவரில பெரிய ரிவி ஒண்டு பூட்டி, ஊர்ச் சேனலை ஓடவிட்டார். "நாங்கள் பிபிசி பாக்கிறதில்லையே, பிறகேன் ரிவி லைசென்ஸ்?" எண்டார். பிரித்தானியாவில ரிவி பாக்கிறதுக்கு வருசாவருசம் காசு கட்டி எடுக்கிற அனுமதிதான் அது. எங்கட ஆக்கள் கனபேர் வழுக்கி விழுறது இதிலதான்.

எந்தச் சேனல் எண்டு சட்டம் கேக்கிறதில்லை. ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பாக்கிறீங்களா எண்டுதான் கேக்கும். டிஷ்ஷில வந்தாலென்ன, ஃபோன் ஆப்பில வந்தாலென்ன, சென்னையில இருந்து வந்தாலென்ன, நேரலை எண்டால் லைசென்ஸ் வேணும். அதைப் பதிஞ்சு பிறகு பாத்தாலும் வேணும். பிபிசியின்ர இணையச் சேவையான ஐபிளேயரில பழைய நிகழ்ச்சி பாத்தாலும் வேணும். நெட்ஃபிளிக்ஸ் படத்துக்குத் தேவையில்லை. சிசிடிவி திரைக்கும் விலைப்பட்டியல் திரைக்கும் தேவையே இல்லை.

2025 ஏப்ரலில இருந்து 2026 மார்ச் வரைக்கும் வருசத்துக்கு 174.50 பவுணா இருந்தது. ஒரு கடையில ஒரு ரிவி வைச்சாலும் பத்து வைச்சாலும் அதே காசுதான். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு அப்ப 58.50, அப்பிடி ஒண்டு கடையில ஓடுது எண்டால் எனக்கும் காட்டுங்கோ.

கணக்கு இடத்துக்குத்தான். மச்சான்ர முதல் கடை லைசென்ஸ் இரண்டாவது கடைக்குச் செல்லாது. கனக்கக் கிளை இருந்தால் எல்லாத்தையும் சேர்த்துக் கம்பனி லைசென்ஸ் ஒண்டா எடுக்கலாம். அதிலயும் இடத்துக்கு ஒரு கட்டணம்தான். கடைக்கு மேல வேலைப் பெடியள் இருக்கிற பிளாட்டைக் கீழ்க்கடை லைசென்ஸ் உள்ளடக்காது. ஒரே கட்டிடம்தானே எண்டு நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான்.

விருந்தினர் தங்குற இடம் நடத்திறவைக்கு வேற கணக்கு: முதல் 15 அறைக்கு ஒரு கட்டணம், அதுக்கு மேல ஒவ்வொரு 5 அறைக்கும், 5 நிரம்பாட்டிலும், இன்னொண்டு. 22 அறை எண்டால் மூண்டு கட்டணம், அந்த 2025 விலையில 523.50 பவுண்.

பெடியன் கவுண்டரில ஃபோனில கிரிக்கெட் பாக்கிறானா? கடைக்கு லைசென்ஸ் இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாட்டி, அவன்ர வீட்டு லைசென்ஸ் பற்றரியில ஓடுற மட்டும்தான் காப்பாத்தும். சார்ஜரைச் சொருகினால் கடைக்கு லைசென்ஸ் வேணும்.

லைசென்ஸ் எடுத்தாச்சு எண்டு நிம்மதியா இருக்கவும் ஏலாது. ரிவியில பாட்டு வந்து வாடிக்கையாளர் காதில விழுந்தால் பிபிஎல் பிஆர்எஸ் குடுக்கிற இசை லைசென்ஸ் வேறயா வேணும். வீட்டு ஸ்கை ரிவிச் சந்தாவைக் கொண்டு வந்து கடையில மாட்டவும் கூடாது. கடைக்கெண்டு வேற சந்தா இருக்கு.

லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் தண்டம் 1,000 பவுண் வரைக்கும் போகும். ரிவியே இல்லையெண்டால் லைசென்ஸ்காரர் அனுப்புற கடிதங்களைக் குப்பையில போடாமல், தேவையில்லை எண்டு இணையத்தில அறிவிச்சு விடுங்கோ. பிடியாணை இல்லாமல் வாற அதிகாரியை உள்ள விடவேணும் எண்டு கட்டாயமில்லை. ஆனா லைசென்ஸ் எடுத்த கடை எண்டால், அதை அச்சடிச்சு கல்லாவுக்குப் பக்கத்தில ஒட்டி வையுங்கோ. அதிகாரி வாற நேரம் முதலாளி எப்பவும் காஷ் அண்ட் கரி மொத்தக் கடையிலதான் நிப்பார்.